காரியதரிசி எழுதாத வரி

செட்டியார் தெரு, கொழும்பு
4 நவம்பர் 1923

அன்புள்ள தங்கச்சி வடிவுக்கு அண்ணன் முத்தையா ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் என் வயிற்றுவலியும் சுகம். நீயும் மாப்பிள்ளை அழகையாவும் குழந்தை பூவம்மாவும் வலி எதுவும் இல்லாமல் சுகமாயிருக்கக் கந்தன் கிருபை செய்யட்டும்.

ஒரு நல்ல சமாசாரம். கனம் கதிர்காமநாதன் அவர்களுக்குக் காரியதரிசியாக அமர்ந்துவிட்டேன். பெயரைக் கேள்விப்பட்டிருப்பாய். பெரிய வியாபாரி, கவர்னர் வீட்டு விருந்துக்குப் போகிறவர். வருகிற வருஷம் சட்டநிரூபண சபைத் தேர்தலில் இந்தியருக்கான ஆசனத்துக்கு நிற்கிறார். அவர் மேடையில் பேசுவதை நான் எழுத வேண்டும். பத்திரிகைகளுக்கு அவர் பெயரில் கடிதம் எழுத வேண்டும். யாராவது அவரைத் தாக்கி எழுதினால் மறுப்பு எழுத வேண்டும். எதைப் பேசக் கூடாது என்று அவர் காதில் சொல்வதும் என் வேலைதான். வாய் அவருடையது, பேச்சு என்னுடையது.

அப்பா கண்ணை மூடி, பதுளைக் கடையும் கைமாறிய பிறகு, "கெட்டும் பட்டணம் போ" என்று என்னை ரயிலேற்றி விட்டவள் நீ. அந்த வாக்கு பலித்தது.

உன்னிடம் ஓர் உதவி. கனம் அவர்களுக்குத் தோட்டம் என்றால் படத்தில் பார்த்ததுதான். உன்னைச் சுற்றி நடப்பதை அப்படியே எழுதி அனுப்பு. உனக்குச் சாதாரணமாய்த் தெரிவது எனக்குப் பொன்.

உன் அண்ணன்,
முத்தையா


பாறைமேட்டுத் தோட்டம், ஹல்துமுல்லை
கார்த்திகை 5

அன்புள்ள அண்ணனுக்கு வடிவு வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. உங்கள் வயிற்றுவலி சுகமாயிருப்பதில் சந்தோஷம். ஓமத்தை வறுத்துக் கஷாயம் வைத்துக் குடித்து நீங்களும் சுகமாயிருங்கள்.

கடிதத்தை உங்கள் மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப அந்த ஐயா ஏதாச்சும் தப்பாப் பேசிட்டா யாரத் திட்டுவாங்க?" என்று கேட்டார். அவருக்குப் பதிலை நீங்களே எழுதுங்கள்.

இங்கே நடப்பது என்ன? கூலியாட்கள் குடியிருக்கிற லயத்துக்கு மேலே பாறையிலிருந்து மூங்கில் வழியாக விழுகிற பீலித் தண்ணீரைத்தான் சனங்கள் இத்தனை வருஷம் குடித்தார்கள். புது ஸ்டோரில் தேயிலை அரைக்கிற யந்திரத்துக்குத் தண்ணீர் போதவில்லை என்று அந்தப் பீலியை அங்கே திருப்பிவிட்டார்கள். இப்போது லயத்தார் கழிவு ஓடுகிற கானிலிருந்து தண்ணீரை மொண்டு குடிக்கிறார்கள். லயத்துக்கு லயம் இரத்தபேதி. கந்தப்பன், பெரியாயி என்று புருஷன் பெண்சாதி இருக்கிறார்களே, அவர்களுடைய ஒரே மகன் போய்விட்டான். பெரியாயி மறுநாளே கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள். ஏனடி என்று கேட்டேன். "லயத்துல இருந்தா அவன் அழுவுறது காதுலயே கேக்குதும்மா. மலையில காத்து இருக்கு" என்றாள். நான் வீட்டுக்குள் வந்து அழுதேன். கணக்கப்பிள்ளை வீடு என்று எங்களுக்கு ஸ்டோரிலிருந்து தண்ணீர் வருகிறது, அண்ணா. அதைக் குடிக்கவே கூச்சமாயிருக்கிறது.

உங்கள் மாப்பிள்ளை பெரிய துரையிடம் ஒரு தடவை சொன்னார். அடுத்த வருஷம் பார்ப்போம் என்றாராம். இவர் இரண்டாம் தடவை சொல்கிற ஆள் இல்லை. உங்களுக்குத் தெரியாததா?

இதைப் பத்திரிகையில் போட்டுவிடாதீர்கள். உங்களுக்கென்றுதான் எழுதினேன்.

உங்கள் தங்கச்சி,
வடிவு


கொழும்பு
20 ஜனவரி 1924

அன்புள்ள வடிவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே, போட்டுவிட்டேன். தோட்டத்தின் பெயரும் இல்லை, ஆளின் பெயரும் இல்லை. "ஊவாவில் ஒரு தோட்டம்" என்று மட்டும் இருக்கிறது. பெரியாயி சொன்னதை அவள் சொன்னபடியே போட்டேன். கனம் அவர்கள் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செட்டியார் தெருவில் இரண்டு நாள் அதே பேச்சு.

இன்னும் கேள். மாசி மாதம் அவர் உங்கள் தோட்டத்துக்கே வருகிறார்! ஊவாவில் வோட்டுள்ள கங்காணிமாரையும் கடைக்காரரையும் பார்க்க வரும் வழியில் அங்கே இறங்க, உங்கள் பெரிய துரையிடம் அனுமதி கேட்டேன். தேநீர் உபசாரத்துக்கு அவர் சம்மதித்துவிட்டார். சனங்கள் சார்பில் ஒரு வரவேற்புப் பத்திரம் வாசிக்க வேண்டும். அதில் பீலி விஷயத்தை மரியாதையாகச் சேர்த்து நான் எழுதி அனுப்புகிறேன். அதற்குக் கனம் அவர்கள் சொல்லப்போகும் பதிலும் தயார். கேள்வியும் பதிலும் ஒரே பேனாவிலிருந்து வந்தால்தான் ஜோடி சேரும். சிரிக்காதே, இதுதான் உன் அண்ணன் தொழில்.

மாப்பிள்ளை வாசிக்கட்டும். பஜனையில் அவர் குரல் எழும்பினால் லயம் முழுக்க வாயை மூடிக்கொள்ளும் என்று நீதானே பெருமையடித்தாய். துரை முன்னால், ஊர் முன்னால், பத்திரிகைக்காரர் முன்னால் சபைக்குப் போகப்போகிற ஒருவர் "பீலி திரும்பி வரும்" என்று சொல்லிவிட்டால் பிறகு யார் மறுக்க முடியும்?

முத்தையா


பாறைமேட்டுத் தோட்டம்
தை 22

அன்புள்ள அண்ணனுக்கு,

வேண்டாம் என்று சொன்னதைப் போட்டுவிட்டு, கோபித்துக்கொள்ளாதே என்றும் எழுதுகிறீர்கள். சின்ன வயதில் என் முறுக்கைத் தின்றுவிட்டு இப்படித்தான் சொல்வீர்கள்.

வரவேற்புப் பத்திரம் வந்தது. அழகாயிருக்கிறது. ஆனால் உங்கள் மாப்பிள்ளை அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "தோட்டத்துல எது பேசறதா இருந்தாலும் மொதல்ல தொரைக்குக் காட்டணும். வெளி ஆளுகிட்ட மொதல்ல சொன்னா அது பேச்சு இல்ல, துரோகம்" என்கிறார். அவர் பயந்தாங்கொள்ளி இல்லை, அண்ணா. துரை உப்பைத் தின்கிறவர், சனங்கள் மத்தியில் குடியிருக்கிறவர். இரண்டு பக்கமும் முகம் பார்க்க வேண்டியவர். ஒரு பிரதியைத் துரையிடம் முன்கூட்டிக் கொடுத்துவிட்டு வாசிக்கலாமா என்று கேட்கச் சொன்னார்.

நேற்று கந்தப்பன் வந்தான். வாசலில் நின்றான். உள்ளே வரவும் இல்லை, கேட்கவும் இல்லை. "ஐயா வாசிக்கிறீங்களாம்ல" என்று மட்டும் சொன்னான். இவர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமா" என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சனங்களுக்கு வோட்டுக்கூடக் கிடையாது. உங்கள் ஐயா அவர்களுக்காக என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதனால் உங்கள் மாப்பிள்ளை தலைக்கு ஒன்றும் வராது என்று உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள்.

வடிவு


கொழும்பு
9 பெப்ரவரி 1924

வடிவு,

துரையிடம் முன்கூட்டிக் காட்டக் கூடாது. காட்டினால் பீலி வரியை அடித்துவிடுவார், பிறகு வெறும் மாலையும் சந்தனமும்தான் மிஞ்சும். மாப்பிள்ளையிடம் சொல்: அவர் தலைக்கு எது வந்தாலும் என் தலையைத் தாண்டித்தான் வரும். என் கையால் எழுதிவிட்டேன், போதுமா?

முத்தையா


பாறைமேட்டுத் தோட்டம்
மாசி 29

அன்புள்ள அண்ணனுக்கு,

கனம் அவர்களுடன் நீங்களும் வருவீர்கள் என்று பூவம்மா பாதை பார்த்து நின்றாள். பதுளையில் கூட்ட ஏற்பாடு என்று முன்னாடியே போய்விட்டீர்களாம். தங்கச்சி வீடு வழியில் இருந்தும் நுழைய நேரமில்லை. சரி, அதை விடுங்கள்.

எல்லாம் நீங்கள் எழுதியபடியே நடந்தது. பெரகல பக்கமிருந்து மோட்டார் ஏறி வந்தது. வாழைமரம், தோரணம், தப்பு மேளம், மாலை. துரையும் துரைசாணியும் நாற்காலியில். இவர் எழுந்து நின்று வாசித்தார். "எங்கள் பிள்ளைகள் கான் தண்ணீர் குடித்துச் சாகிறார்கள், எங்கள் பீலியை எங்களுக்குத் தாருங்கள்" என்ற இடம் வந்ததும் குரல் நின்று நிதானமாய் எழும்பியது. பெரியாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். உங்கள் ஐயா அப்போதுதான் மனதில் உதித்தது போல நெஞ்சில் கைவைத்துப் பதில் சொன்னார். அப்பா கடையில் சண்டைக்கு வந்த வாடிக்கைக்காரரை நீங்கள் சமாதானம் செய்த அதே வார்த்தைகள். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. சனங்கள் அழுதார்கள்.

துரைக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். அந்த வரிக்குப் பிறகு அவர் தேநீரைத் தொடவில்லை.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் வரிசையில் நிற்க, இவரைக் கூப்பிட்டார். "நீ யாரு கணக்கப்புள்ள? எனக்கா, லயத்துக்கா?" என்று கேட்டாராம். அடுத்து, "அத யாரு எழுதிக் குடுத்தா?" என்று கேட்டாராம். இவர், "நாந்தான் தொரை எழுதினேன்" என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஏன் அண்ணன் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா அவரு வேலை போயிரும். ஒரு வேலை போனாப் போதும்ல" என்றார்.

வேலை போய்விட்டது, அண்ணா. சனிக்கிழமைக்குள் வீட்டைக் காலிபண்ண வேண்டும். நீங்கள் துரைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் ஐயாவை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். ஊர் முன்னால் நெஞ்சில் கைவைத்தவர் ஆயிற்றே.

உங்கள் தங்கச்சி,
வடிவு


கொழும்பு
22 மார்ச் 1924

என் பிரியமான தங்கச்சி வடிவுக்கு,

உன் கடிதம் கண்டு அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. மாப்பிள்ளையின் பெருந்தன்மைக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

ஆனால் இங்குள்ள நிலைமையையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலீஷ்ப் பத்திரிகைகள் கனம் அவர்களைக் கலகக்காரர் என்று எழுதிவிட்டன. துரைமார் கூடி, இனி எந்தத் தோட்டத்திலும் அவர் கால் வைக்கக் கூடாது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். தோட்டத்துக்குள் நுழையாமல் கங்காணிமாரை எப்படிப் பார்ப்பது? வோட்டு எங்கிருந்து வரும்? ஆகவே ஓர் அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. பிறர் வாயால் கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன். வரவேற்புப் பத்திரத்தில் கண்ட புகார் ஒரு கணக்கப்பிள்ளை சொந்த மனக்கசப்பினால் தாமாகச் சேர்த்தது. கனம் அவர்களுக்கு முன்னறிவு கிடையாது. உபசரித்த துரை அவர்களுக்கு நேர்ந்த மனவருத்தத்துக்கு வருந்துகிறார். இவ்வளவுதான் அதில் உள்ளது.

ஆம், அதை எழுதியவன் நான். வேறு யாராவது எழுதியிருந்தால் மாப்பிள்ளையின் பெயரையும் போட்டிருப்பார்கள். நான் பெயரை வரவிடவில்லை. ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம். என் பாடு இங்கே அப்படி இருக்கிறது. உப்பிட்டவருக்குத் துரோகம் செய்ய முடியுமா?

தேர்தல் முடியட்டும். எல்லாவற்றையும் சரிசெய்து தருகிறேன். துரைக்கு நான் இப்போது எழுதினால் விஷயம் வெளிப்பட்டுவிடும். அதனால் பொறுமையாயிரு.

உன் அண்ணன்


பெரகல
ரக்தாட்சி வருஷம், சித்திரை 14

அண்ணனுக்கு,

வீடு மாறிவிட்டோம். பெரகல சந்தியில் வாஹித் நானா தம் கடைக்குப் பின்னால் ஓர் அறை தந்திருக்கிறார். அவர் பெண்சாதி நளீரா இரண்டு வேளை சோறு கொடுத்து அனுப்பினாள். உங்கள் அறிக்கையையும் அந்தக் கடையில்தான் பார்த்தேன். சீனி சுற்றிய தாளில் இருந்தது.

நீங்கள் பெயரை வரவிடவில்லை என்கிறீர்கள். ஊவாவில் கணக்கப்பிள்ளைமார் நிறையப் பேர் இருக்கலாம், துரை முன்னால் வரவேற்புப் பத்திரம் வாசித்தவர் ஒருவர்தானே? வருஷப் பிறப்புக்குப் பிறகு இவர் ஹல்துமுல்லைப் பக்கம் போனார், அப்புத்தளை போனார், எல்ல வரைக்கும் நடந்து போனார். எந்தத் தோட்டத்திலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "பேப்பர்ல வந்த கணக்கப்புள்ள நீதான?" இவர் ஆமாங்க என்பார். பொய் சொல்லத் தெரியாது. வாழ்க்கையில் ஒரே ஒரு பொய் சொன்னார், அதுவும் உங்களுக்காக.

இப்போது கடையில் மூட்டை தூக்குகிறார். கணக்கு எழுதின கை. அதற்காகக்கூட நான் வருந்தவில்லை. லயத்துச் சனங்களே சிலபேர், "கணக்கப்புள்ள தன் கோவத்துக்கு நம்ம புள்ளைகளச் சாட்டிப்புட்டாரு" என்று பேசுகிறார்களாம். பேப்பரில் வந்ததல்லவா, நம்பாமல் என்ன செய்வார்கள்? அதைக் கேட்ட நாளிலிருந்து இவர் பஜனைக்குப் போவதில்லை. சாயங்காலமானால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார். பீலி இன்னும் ஸ்டோருக்குத்தான் போகிறது.

எனக்கு வேலை வேண்டாம், வீடு வேண்டாம். பத்திரிகையில் ஒரு வரி போடுங்கள். "அந்த வரவேற்புப் பத்திரத்தை எழுதியவன் நான், முத்தையா; வாசித்தவர் மேல் குற்றமில்லை." அவ்வளவுதான். மற்றவர்களுக்காக எத்தனையோ எழுதுகிறீர்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியைக் கேட்கவே இல்லை, பூசாரியிடம்தான் கேட்கிறேன்.

வடிவு


கொழும்பு
30 செப்டம்பர் 1924

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. ஆனி மாதம் எழுதியதும், ஆடியில் எழுதியதும், பூவம்மா தன் கையால் "மாமா ஒரு வரி" என்று கிறுக்கி அனுப்பியதும் என் மேசையில்தான் இருக்கின்றன. பதில் எழுதாதது அலட்சியத்தால் அல்ல. இந்த ஆறு மாதம் நான் தூங்கியதே குறைவு.

ஜெயித்துவிட்டோம், வடிவு! கனம் அவர்களை மாலையோடு தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். கூட்டத்தில் அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "எல்லாம் உம்முடைய பேனா" என்றார். அப்பா இருந்து கேட்டிருக்க வேண்டும்.

நீ கேட்ட வரியை எழுதிவிட்டேன். எழுதி மடித்தும் வைத்திருக்கிறேன். ஆனால் சபை கூடுவதற்குள் அதை வெளியிட்டால், முன்பு விட்ட அறிக்கை பொய் என்று ஆகும். ஜெயித்தவரைக் கவிழ்க்க எதிரிகளுக்கு அதுவே போதும். முதல் கூட்டம் முடியட்டும். கனம் அவர்களின் முதற்பேச்சிலேயே தோட்டத்துத் தண்ணீர் பற்றி இரண்டு வாக்கியம் சேர்த்திருக்கிறேன். துறைமுகத்தில் மாப்பிள்ளைக்கு ஓர் எழுத்து வேலைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

பூவம்மாவுக்குப் பட்டுப் பாவாடை அனுப்பியிருக்கிறேன். அளவு சரியாயிருக்கிறதா என்று எழுது.

முத்தையா


பெரகல
ஐப்பசி 3

அண்ணனுக்கு,

பாவாடை வந்தது. இன்னும் பிரிக்கவில்லை.

இவருக்கு இரத்தபேதி. மழையில் பெரகலயிலும் நல்ல தண்ணீர் இல்லை. அப்புத்தளையிலிருந்து டாக்டர் வந்து பார்த்தார். உடம்பில் எதிர்த்து நிற்க ஒன்றும் மிச்சமில்லை என்றார். கந்தப்பன் வேலை முடிந்ததும் தோட்டத்திலிருந்து மழையில் நடந்து வந்து இவருக்குத் துணி மாற்றுகிறான். நான் தடுத்தேன். "எம்மவனுக்குச் செய்யலயாம்மா" என்கிறான்.

தினமும் பேப்பர் வந்ததா என்று கேட்கிறார். வாஹித் நானா கடைத் தாளை எடுத்துவந்து பக்கம் பக்கமாய்ப் பார்க்கிறேன். நேற்று உங்கள் ஐயாவின் படம் இருந்தது. "பெறகு?" என்று கேட்டார். வேறொன்றும் இல்லை என்றேன். "நாளைக்கு வரும், அவரு எழுதிருவாரு" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார்.

அண்ணா, நான் கோபத்தில் எழுதவில்லை. காலில் விழுந்து எழுதுகிறேன். அந்த வரி மடித்துத்தானே இருக்கிறது? இந்த வாரத்துக்குள் போட்டுவிடுங்கள்.

வடிவு


கொழும்பு
31 அக்டோபர் 1924

என் அருமைத் தங்கச்சிக்கு,

உன் தந்தி வந்த அன்று சபையில் கனம் அவர்களின் முதற்பேச்சு. அவர் பின்னால் காகிதங்களுடன் நான் நிற்க வேண்டியிருந்தது. புறப்பட நினைத்தேன், அவர், "இன்றைக்கு மட்டும் இரும்" என்றார். அதனால்தான் வர இயலாது என்று தந்தி கொடுத்தேன். ஒரு தந்தியில் மனதில் உள்ளதை எழுத முடியுமா? உன் கழுத்தை நினைத்து இந்த இரண்டு நாளாய் நான் படுகிற பாட்டைக் கந்தன்தான் அறிவான்.

தண்ணீர் பற்றிய இரண்டு வாக்கியத்தையும் அவர் பேசவில்லை. நேரமில்லையாம். அது கிடக்கட்டும்.

மாப்பிள்ளைக்கு ஓர் அனுதாபக் குறிப்பு எழுதியிருக்கிறேன். கனம் அவர்களும் கையெழுத்திடச் சம்மதித்துவிட்டார். முதற்பக்கத்தில் கறுப்புக் கட்டம் கட்டிப் போடலாம். "ஊவாவின் உத்தம சேவகர்" என்று தலைப்பு. அவர் தோட்டத்தில் சேர்ந்தது எந்த வருஷம், தகப்பனார் ஊர் திருச்சியா மதுரையா என்று உடனே எழுது. நீ கேட்ட அந்த வரியையும் அதிலேயே, யார் மனமும் நோகாதபடி, ஒரு மூலையில் சேர்த்துவிடுகிறேன்.

அடுத்த வாரம் வருகிறேன். உன்னையும் பூவம்மாவையும் கொழும்புக்கு அழைத்துக்கொள்கிறேன். உனக்கு நான் இருக்கிறேன்.

உன் அண்ணன்,
முத்தையா


பெரகல
ஐப்பசி 23

கனம் கதிர்காமநாதன் அவர்களின் காரியதரிசி முத்தையா அவர்களுக்கு,

கேட்ட விபரம்: என் வீட்டுக்காரர் பெயர் அழகையா. இதுவரை அந்தப் பெயரை நான் எழுதியதில்லை. சேர்ந்த வருஷமும் தகப்பனார் ஊரும் உங்களுக்குத் தேவைப்படாது. குறிப்பு எதுவும் போட வேண்டாம். அந்த வரியும் வேண்டாம். அதைப் பார்க்கக் காத்திருந்தவர் ஒருவர்தான்.

நீங்கள் வருவீர்கள் என்று அன்றைக்கு உடலை எடுக்காமல் வைத்திருந்தோம். அப்புத்தளை ரயிலடியில் ஆள் போய் நின்றது. ரயில் வந்தது, போனது. அதற்குப் பிறகுதான் தந்தி வந்தது. வாஹித் நானா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, என்னிடம் சொல்ல முடியாமல் நளீராவிடம் கொடுத்தார்.

பிறந்த வீட்டுக் கோடி போடாமல் பாடையைத் தூக்கக் கூடாது என்று பெரியவர்கள் நின்றுகொண்டார்கள். எனக்கு அப்பா இல்லை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. "இந்தப் பொண்ணுக்கு அண்ணந்தம்பின்னு யாரு இருக்கா?" என்று கேட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். உலகத்தில் ஒரு பெண்ணை அதைவிட அநாதையாக்குகிற கேள்வி இல்லை.

"நா இருக்கேன்" என்று ஒரு குரல் கேட்டது. கந்தப்பன். நீ எப்படிப்பா, முறை இருக்கு, சாதி இருக்கு என்று நாலு பேர் பேசினார்கள். "எம்மவன் தண்ணிக்காக அவரு வாயத் தொறந்தாரு. அதுக்காகத்தான் செத்தாரு. இது எந்தங்கச்சி. யாரு இல்லங்கறீங்க?" என்று கேட்டார். வாஹித் நானா கடையைத் திறந்து ஒரு சேலை எடுத்துக் கொடுத்தார். கந்தப்பன் அண்ணன் மழையில் நனைந்த கையைத் தலைத்துண்டில் துடைத்துக்கொண்டு, என் தோளில் அதைப் போட்டார். பெரியாயி அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம்தான் தூக்கினார்கள்.

கோடி போட்டவர்தான் பிறந்த வீடு. அது உங்களுக்கும் தெரியும். அடுத்த வாரம் வர வேண்டாம். யார் வந்திருக்கிறார்கள் என்று ஊரார் கேட்டால், சொல்ல எனக்கு முறைப்பெயர் இல்லை. பட்டுப் பாவாடையைப் பிரிக்காமல் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

எனக்கு அண்ணன் இருக்கிறார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் இனி யாருக்கும் நான் கடிதம் எழுத வேண்டியதில்லை.

வடிவம்மா